அளந்து பார்க்காத ஒரு வரி

கொரோனா ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த 2020-ஆம் ஆண்டில், இயான் பியர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் தன் படுக்கையறையின் ஒரு மூலையில் உட்கார்ந்து ஆறு மாதம் ஒரே வேலையைச் செய்தார். கூகுளின் ‘புராஜெக்ட் ஜீரோ’ குழுவைச் சேர்ந்தவர் அவர். எந்த நிறுவனத்தின் மென்பொருளாக இருந்தாலும் அதில் ஓட்டை தேடிக் கண்டுபிடித்து உரியவர்களுக்குச் சொல்வது அந்தக் குழுவின் பணி. ஆறு மாத முடிவில் அவர் கையில் ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கணினியும், கடையில் யாரும் வாங்கக்கூடிய வைஃபை அடாப்டர்களும், அவரே எழுதிய நிரலும் இருந்தன. அவற்றைக் கொண்டு, வேறோர் அறையில் இருந்த ஐபோன் 11 புரோவுக்குள் நுழைந்து, அதில் அப்போதுதான் எடுத்த புகைப்படத்தைச் சுமார் இரண்டு நிமிடத்தில் வெளியே எடுத்துக் காட்டினார்.

போன் வைத்திருந்தவர் எந்த லிங்க்கையும் தட்டவில்லை. எந்தச் செயலியையும் இறக்கவில்லை. தெரியாத வைஃபையில் சேரவும் இல்லை. போன் அலைவரிசை எட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

2020 டிசம்பரில் பியர் இதை விரிவாக எழுதி வெளியிட்டபோது, பாதுகாப்புத் துறைக்கு வெளியே அது ஒருநாள் செய்தியாகக் கடந்துபோனது. ஆப்பிள் அந்த ஓட்டையை முன்பே அடைத்துவிட்டது. யாரும் அதைப் பயன்படுத்தித் திருடியதற்கான ஆதாரமும் இல்லை. ஆனால் அந்த ஓட்டை எப்படி உண்டானது என்பதைப் பொதுமக்கள் தெரிந்துகொள்வது அவசியம். உலகின் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் ஐம்பது ஆண்டுகளாக ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்துவருகின்றன என்பதும், அதைத் தடுக்கும் வழி இருந்தும் அரசுகள் அதைக் கேட்டு வாங்காமல் இருக்கின்றன என்பதும் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

போனோ கணினியோ, அதன் மையத்தில் ‘கெர்னல்’ என்ற பகுதி இயங்குகிறது. நினைவகம், திரை, பேட்டரி, கேமரா என எல்லாவற்றுக்கும் சாவி அதனிடம் இருக்கிறது. வங்கிச் செயலியும் வாட்ஸ்அப்பும் கெர்னலின் அனுமதியோடுதான் எதையும் தொட முடியும். வைஃபை, புளூடூத் சிப்புகளோடு பேசும் ‘டிரைவர்’ என்ற நிரல்கள் பெரும்பாலும் இந்தக் கெர்னலுக்குள்ளேயே, அதே அதிகாரத்தோடு இயங்குகின்றன. காற்றில் வரும் தகவலை முதலில் பிரித்துப் பார்ப்பது இந்த நெட்வொர்க் டிரைவர். அனுப்பியவர் யார், நண்பரா திருடரா என்று தெரியாத நிலையிலேயே அது பிரித்துப் பார்த்தாக வேண்டும். யாரிடமிருந்தும் எதையும் வாங்கும் வேலையையும் எல்லாக் கதவுகளுக்குமான சாவியையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் அமைப்பு இது.

பியர் நுழைந்த இடம், ஆப்பிள் கருவிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளப் பயன்படும் ஏ.டபிள்யு.டி.எல். என்ற வைஃபை முறைக்கான டிரைவர். ஏர்டிராப் வழியாகப் படம் அனுப்பும்போது பின்னணியில் வேலை செய்வது இதுதான். அந்த முறையில் வரும் ஒவ்வொரு தகவல் துண்டும் மூன்று பகுதிகளாக இருக்கும். இது என்ன வகைத் தகவல், அதன் நீளம் எவ்வளவு, பிறகு தகவல். அவற்றில் ஒரு வகை, அருகிலுள்ள கருவிகளின் முகவரிப் பட்டியல். ஒரு முகவரி 6 பைட். பத்து முகவரிக்கு மேல் வராது என்ற கணக்கில் டிரைவரை எழுதியவர்கள் 60 பைட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் வந்த தகவலை அந்த இடத்தில் பிரதி எடுக்கும்போது, 60 பைட்டோடு நிறுத்துவதற்கு மாறாக, அனுப்பியவர் ‘நீளம்’ என்று எழுதியிருந்த எண்ணை அப்படியே நம்பினார்கள்.

பந்தியில் பத்து இலை போட்டிருக்கும்போது, “நாங்கள் ஐம்பது பேர்” என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, இலையைப் பார்க்காமல் ஐம்பது பேருக்கு வரிசையாகப் பரிமாறிக்கொண்டே போவதைப் போன்றது இது. பத்து இலைக்கு அப்பால் விழும் சோறு அடுத்தவர் இடத்தில் விழும். நினைவகத்தில் அந்த அடுத்த இடத்தில் இருப்பவை கெர்னல் தன் வேலைக்காக வைத்திருக்கும் குறிப்புகள்: எந்த நிரலை அடுத்து இயக்குவது, எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்பன போன்றவை. அங்கே என்ன விழ வேண்டும் என்பதைத் தாக்குபவர் முன்பே தீர்மானித்துத்தான் அனுப்புகிறார். குறிப்புகள் மாறியதும் கெர்னல் அவர் சொல்படி நடக்கத் தொடங்குகிறது.

ஏர்டிராப் அணைந்திருந்தால் இந்த டிரைவரும் உறங்கிக்கொண்டிருக்குமே என்று கேட்கலாம். பியர் அதற்கும் வழி கண்டார். ‘தொடர்பில் உள்ளவர்கள் மட்டும்’ என்று வைத்திருக்கும் ஐபோன், படம் அனுப்ப விரும்புபவரின் அடையாளச் சுருக்கத்தைப் புளூடூத் வழியாகக் கேட்டு, அது தன் முகவரிப் புத்தகத்தில் யாரோடாவது பொருந்தினால் ஏ.டபிள்யு.டி.எல்.-ஐ எழுப்பிவிடும். அந்தச் சுருக்கம் வெறும் 2 பைட். மொத்தமே 65,536 சாத்தியங்கள்தான். ஒருவர் போனில் நூறு பேரின் எண் இருந்தால், வரிசையாக ஒவ்வொன்றாக முயன்றாலே சீக்கிரம் ஏதோ ஒன்று பொருந்திவிடும். உறங்கும் டிரைவரை வெளியாள் தட்டி எழுப்பிவிடலாம்.

ஆப்பிளிடம் பணத்துக்கோ திறமைக்கோ பஞ்சம் இல்லை. கெர்னல் எழுதும் பொறியாளர்கள் உலகிலேயே தேர்ந்தவர்கள். அங்கேயே இப்படி ஒரு தவறு பல பரிசோதனைகளைத் தாண்டிக் கோடிக்கணக்கான போன்களுக்குப் போனது. ஒரு பொறியாளரின் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துபோக முடியாததற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் விண்டோஸில் இருக்கிறது. கோப்புகளை நெட்வொர்க்கில் பகிர்வதற்கான பழைய எஸ்.எம்.பி. முறையைக் கையாளும் டிரைவர் விண்டோஸ் கெர்னலுக்குள் இயங்கியது. அதில் ஒரு பட்டியலின் மொத்த நீளம் 4 பைட் எண்ணாக வரும். அந்த நீளத்தைத் திருத்தி எழுதும் இடத்தில் மட்டும் அதை 2 பைட் எண்ணாக நினைத்துக் கீழ்ப்பாதியை மாற்றிவிட்டு, மேல்பாதியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடம் ஒதுக்கியது சிறிய எண்ணுக்கு. பிரதி எடுத்தது பெரிய எண்ணுக்கு. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை இந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல், ‘எடர்னல் புளூ’ என்ற பெயரில் ஆயுதமாக வைத்திருந்தது.

மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்ற பெயரில் இயங்கிய கும்பல் அந்த ஆயுதத்தை இணையத்தில் கொட்டியது. மே 12 அன்று ‘வானாகிரை’ வந்தது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டு, திறக்க 300 டாலர் பிட்காயின் கேட்கப்பட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் 236 மருத்துவ அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. ஐந்து மருத்துவமனைகள் அவசர நோயாளிகளை வேறு இடத்துக்குத் திருப்பி அனுப்பின. ரத்தான மருத்துவச் சந்திப்புகள் 19,000-க்கும் மேல் இருக்கும் என்ற மதிப்பீட்டை அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்டது.

ஆறு வாரம் கழித்து, ஜூன் 27 அன்று, அதே ஓட்டையையும் பயன்படுத்திய ‘நாட்பெட்யா’ உக்ரைனில் தொடங்கி உலகெங்கும் பரவியது. கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று என்று அதன் தலைவர் பின்னர் டாவோஸில் சொன்னார். மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மேர்ஸ்க் குழுமம் நடத்திய சரக்கு முனையமும் அந்த நாட்களில் தடுமாறியது. எங்கோ எழுதப்பட்ட டிரைவரில் ஒரு நீளக் கணக்கு தப்பியதற்கு, நவி மும்பையில் கன்டெய்னர் ஏற்றி வந்த லாரிகள் காத்துக்கிடந்தன.

நிறுவனங்கள் நிரலை மூடி வைத்திருப்பதால்தான் இப்படி நடக்கிறது, எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்தால் பிழை தப்பாது என்று சொல்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கைக்கு லினக்ஸ் பதில் சொல்கிறது. 2019 அக்டோபரில், லினக்ஸ் கெர்னலோடு வரும் ரியல்டெக் வைஃபை டிரைவரில் ஓர் ஓட்டையை நிக்கோ வைஸ்மன் என்ற ஆய்வாளர் கண்டார். இரண்டு கருவிகள் நேரடியாக வைஃபையில் பேசும்போது, “இந்த நேரத்தில் நான் கேட்க மாட்டேன்” என்று ஒன்று மற்றொன்றுக்குச் சொல்லும் குறிப்பைப் பிரிக்கும் பகுதி அது. அப்படிப்பட்ட குறிப்பு இரண்டுக்கு மேல் வராது என்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். எத்தனை வந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை இல்லை. திருத்தம் ஒரு சில வரிகளே. யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் திறந்து கிடந்த நிரலில், ஆண்டுக்கணக்காக அந்தச் சில வரிகள் இல்லாதிருந்தது யார் கண்ணிலும் படவில்லை.

2022-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் லினக்ஸின் வைஃபை பகுதியில் வரிசையாகப் பல ஓட்டைகளைக் கண்டார். சில ஓட்டைகளுக்கு, அருகில் என்னென்ன வைஃபை இருக்கிறது என்று கணினி தேடிப் பார்த்தாலே போதும். அந்தத் தேடலுக்குப் பதிலாக வரும் அறிவிப்புத் தகவலிலேயே தாக்குதல் இருக்கலாம்.

ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், லினக்ஸ் மூன்றும் வேறு வேறு முறையில் வேலை செய்பவை. சம்பளம் வேறு, பண்பாடு வேறு, நிரலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்ற கொள்கையும் வேறு. மூன்றுக்கும் பொதுவாக இருந்தவை இரண்டு. கெர்னலுக்குள் டிரைவர் இருந்தது. அந்த டிரைவர் சி அல்லது அதன் வழிவந்த சி++ மொழியில் எழுதப்பட்டிருந்தது.

சி மொழி 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது. அப்போதைய கணினிகளில் நினைவகம் சில பத்து கிலோபைட்தான். ஒவ்வொரு முறையும் எல்லையைச் சரிபார்ப்பது அன்றைக்குக் கட்டுப்படியாகாத செலவு. எனவே அந்த மொழி, புரோகிராமர் சொன்ன இடத்தில் சொன்ன அளவுக்கு எழுதிவிடும். இடம் போதுமா என்று கேட்காது. அந்த எளிமையும் வேகமும்தான் யூனிக்ஸையும், பிறகு லினக்ஸையும், இன்றைய இணையத்தையும் கட்டியெழுப்பின. அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்வதில் நியாயமில்லை. ஆனால் இன்று சட்டைப்பையில் இருக்கும் போனில் பல ஜிகாபைட் நினைவகம் இருக்கிறது. அன்றைய பஞ்சத்தில் விட்டுக்கொடுத்த பாதுகாப்பை இன்றும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது?

ஆபத்து அப்போதே தெரியாமலும் இல்லை. அதே 1972-இல் அமெரிக்க விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் தயாரித்த அறிக்கை, வரும் தகவலின் எல்லையைச் சரிபார்க்காத நிரல் வழியாகக் கணினியின் மையக் கட்டுப்பாட்டையே கைப்பற்றலாம் என்று விளக்கியிருந்தது. 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் ஏவிய, தானாகவே பரவும் ‘வார்ம்’ நிரல் இணையத்தைத் திணறவைத்தபோது, அது நுழைந்த வழிகளில் ஒன்று, 512 பைட் இடத்தில் அதற்கும் மேல் எழுதவிட்ட ஒரு நிரல்.

அதற்கும் எட்டு ஆண்டு முன்பு, 1980-இல் கணினித் துறையின் டூரிங் விருது ஏற்புரையில், கணினி அறிவியலாளர் டோனி ஹோர் ஓர் அனுபவத்தைச் சொன்னார். 1960-களில் இங்கிலாந்தின் எலியட் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய அல்கால் மொழிக் கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கருவி), ஒவ்வொரு முறையும் வரிசையின் எல்லையைச் சரிபார்த்துவிட்டே எழுதும். வேகம் வேண்டுமென்றால் இந்தச் சோதனையை அணைத்து வைக்கும் வசதி தரட்டுமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று ஒருமுகமாகச் சொன்னார்கள். இருபது ஆண்டு கழித்தும் மொழி வடிவமைப்பாளர்கள் இந்தப் பாடத்தைக் கற்கவில்லை என்று ஹோர் வருந்தினார். மதிப்புள்ள வேறு எந்தப் பொறியியல் துறையிலும் இப்படி அடிப்படை முன்னெச்சரிக்கை எடுக்காமலிருப்பது சட்டவிரோதமாகியிருக்கும் என்பது அவர் கருத்து. நாற்பத்தைந்து ஆண்டு கடந்தும் அது பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதமாகவில்லை.

விலை என்ன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தாங்கள் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத்தைத் தப்பாகக் கையாள்வதால் வருபவை என்று 2019-இல் மைக்ரோசாஃப்டே சொன்னது. அடுத்த ஆண்டு குரோம் பிரவுசரின் தீவிரமான ஓட்டைகளைக் கணக்கெடுத்த கூகுளும் அதே 70 சதவீதத்துக்கு வந்து சேர்ந்தது. டிரைவர்களின் நிலை இன்னும் மோசம். 2001-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் லினக்ஸ் கெர்னலைச் சல்லடையாகச் சலித்துப் பார்த்தபோது, சிலவகைப் பிழைகள் மற்றப் பகுதிகளைவிட டிரைவர்களில் மூன்று முதல் ஏழு மடங்கு வரை அதிகமாக இருந்தன. காரணம் புரியக்கூடியதுதான். கெர்னலின் மையப் பகுதியைத் தேர்ந்த சிலர் ஆண்டுக்கணக்காகச் செதுக்குகிறார்கள். டிரைவரைப் பெரும்பாலும் சிப் தயாரிக்கும் நிறுவனம், புதுச் சிப் சந்தைக்குப் போகும் தேதிக்குள் எழுதி முடிக்கிறது.

திருடர் யாரும் இல்லாமலே இந்தத் தவறு என்ன செய்யும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகம் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸ் கெர்னலுக்குள் இயங்கும் டிரைவரைக் கொண்டது. நிறுவனம் அனுப்பிய புதிய தகவல் 21 புலங்களை எதிர்பார்த்தது. டிரைவரிடம் இருந்தவை 20. இல்லாத இருபத்தொன்றாவதை எடுக்கப்போய், எல்லை தாண்டிப் படித்து, கெர்னல் விழுந்தது. 85 லட்சம் கணினிகளில் நீலத்திரை. இந்திய விமான நிலையங்களில் ஊழியர்கள் கையால் போர்டிங் பாஸ் எழுதிக்கொடுத்ததைப் பயணிகள் படமெடுத்துப் பகிர்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். தகவலை அனுப்பியது அந்த நிறுவனமே. அதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பியதில்தான் கோளாறு.

இனி வழி என்ன? இன்னும் கவனமாக எழுதுங்கள் என்று புரோகிராமர்களுக்குச் சொல்லும் உபதேசத்தை ஐம்பது ஆண்டு சோதித்துப் பார்த்தாயிற்று. எல்லையைச் சரிபார்ப்பது மனிதக் கவனத்திடம் இருக்கும்வரை, லட்சம் முறை சரியாகச் செய்தவரும் ஒருமுறை விட்டுவிடுவார். தாக்குபவருக்கு அந்த ஒருமுறை போதும். அந்த வேலையை மனிதரிடமிருந்து எடுத்துக் கருவியிடம் கொடுப்பதே சரி. ரஸ்ட் என்ற மொழி அதைச் செய்கிறது. 2006-இல் மொசில்லாவில் பணிபுரிந்த கிரேடன் ஹோரின் சொந்த முயற்சியாகத் தொடங்கி, 2015-இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட மொழி அது. ஒதுக்கிய இடத்துக்கு மேல் எழுத முயன்றால் அது அங்கேயே நிறுத்திவிடும். விடுவித்த நினைவகத்தைத் திரும்பத் தொடும் நிரலைக் கம்பைலரே ஏற்காது. அதற்காகச் சி-யின் வேகத்தைப் பெரிதாக இழக்கவும் வேண்டாம். பியர் கண்ட ஓட்டை ரஸ்ட்டில் வழக்கமான முறையில் எழுதப்பட்டிருந்தால், மோசமான நிலையிலும் போன் ஒருமுறை அணைந்து எழுந்திருக்கும். புகைப்படம் வெளியே போயிருக்காது.

பல கோடி வரிகளை யார் திரும்ப எழுதுவது என்பது நியாயமான கேள்வி. ஆண்ட்ராய்டின் அனுபவம் அதற்கு நம்பிக்கையான பதில் தருகிறது. பழைய நிரலை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக எழுதுவதைப் பாதுகாப்பான மொழிகளில் எழுதுவது என்று கூகுள் முடிவெடுத்தது. 2019-இல் ஆண்ட்ராய்டின் ஓட்டைகளில் 76 சதவீதம் நினைவகம் சார்ந்தவை. 2024-இல் அது 24 சதவீதம். 2025-இல் 20 சதவீதத்துக்கும் கீழே போனது. பழைய நிரலில் இருக்கும் பிழைகள் ஆண்டுகள் போகப்போகக் கண்டுபிடித்து அடைக்கப்பட்டுவிடுகின்றன. புதிய பிழைகளே பெரும்பான்மை. எனவே புதியதைச் சரியாக எழுதினாலே மொத்த ஆபத்தும் வேகமாகக் குறைகிறது. வீட்டை இடித்துக் கட்டும் செலவு இல்லாமலே பலன் கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

லினக்ஸும் அந்தப் பாதையில் இறங்கிவிட்டது. 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் ரஸ்ட்டுக்கு இடம் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் 6.8 பதிப்பில், நெட்வொர்க் கேபிளோடு பேசும் ஒரு சிறு சிப்புக்கான டிரைவர் ரஸ்ட்டில் எழுதப்பட்டுச் சேர்ந்தது. 2025 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய கெர்னல் பராமரிப்பாளர்கள், ரஸ்ட் இனிப் பரிசோதனை இல்லை, கெர்னலின் நிலையான பகுதி என்று முடிவெடுத்தார்கள்.

அந்தப் பாதையில் சண்டையும் நடந்தது. ஒரே கெர்னலில் இரண்டு மொழி இருந்தால் பராமரிப்பவர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டுமே என்று மூத்த பங்களிப்பாளர்கள் எதிர்த்தார்கள். சலித்துப்போய் ரஸ்ட் தரப்பில் சிலர் விலகினார்கள். முப்பது ஆண்டாக இரவுபகல் பாராமல் உழைத்தவர்களின் கவலையைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. பராமரிப்புச் சுமை உண்மை. அந்தச் சுமைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள், லினக்ஸை வைத்துக் கோடிகள் ஈட்டும் நிறுவனங்கள்.

ரஸ்ட் சர்வரோக நிவாரணியும் இல்லை. 2025 டிசம்பரிலேயே, லினக்ஸ் கெர்னலில் ரஸ்ட்டில் எழுதிய பகுதிக்கு முதல் பாதுகாப்புக் குறை அறிவிப்பு வந்தது. ‘இந்த இடத்தில் சோதனையை என்னிடம் விடு’ என்று புரோகிராமர் மொழியிடம் கேட்டு வாங்கிக்கொண்ட பகுதியில் நேர்ந்த தவறு அது. ஆனால் அந்த நிகழ்வே மொழியின் பலனையும் காட்டுகிறது. அப்படிக் கேட்டு வாங்கிய இடங்கள் நிரலில் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருக்கும். எங்கே தேட வேண்டும் என்று பரிசோதிப்பவருக்குத் தெரியும். சி-யில் தேட வேண்டிய இடம் நிரல் முழுவதும்தான்.

வேறு தடுப்புகளும் வந்துகொண்டிருக்கின்றன. ஆப்பிள் 2019 முதல் மேக் கணினிகளில் டிரைவர்களைக் கெர்னலுக்கு வெளியே வைத்து இயக்க வழி செய்தது. 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17 வரிசையில், நினைவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் சிப்பே ஓர் அடையாளம் இட்டு, அடையாளம் பொருந்தாமல் தொட்டால் உடனே நிறுத்தும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கூகுளின் பிக்சல் 8 முதல் அதே வகை வசதி ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் இவை இப்போதைக்கு விலை உயர்ந்த புதிய போன்களோடு வருபவை. பத்தாயிரம் ரூபாய் போன் வாங்குபவருக்கு, அதன் வைஃபை டிரைவரை யாரோ எங்கோ சரியாக எழுதியிருக்க வேண்டும் என்ற நம்பிக்கைதான் பாதுகாப்பு.

இங்கேதான் அரசுகளின் பொறுப்பு வருகிறது. தன் போனின் டிரைவர் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று கடையில் கேட்க வாடிக்கையாளரால் முடியாது. கேட்டாலும் கடைக்காரருக்குத் தெரியாது. “லிங்க்கைத் தட்டாதீர்கள், ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள்” என்று காவல்துறையும் வங்கிகளும் சொல்லும் எச்சரிக்கைகள் அவசியமானவை. ஆனால் எதையும் தட்டாமலே நுழையும் வகை ஓட்டைக்கு முன் அவை பயன்படா. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓட்டைகளைப் பற்றி அறிவிப்பு வெளியிட்டு, அப்டேட் செய்யச் சொல்கிறது. வானாகிரை காட்டியபடி, இரண்டு மாதம் முன்பே வந்த திருத்தத்தைப் போடாத கணினிகள் உலகில் லட்சக்கணக்கில் இருந்தன. அதைவிட மோசமான நிலை, அப்டேட்டே வராத போனை வைத்திருப்பவருடையது.

அமெரிக்க வெள்ளை மாளிகையின் சைபர் இயக்குநர் அலுவலகம் 2024 பிப்ரவரியில், நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறுமாறு மென்பொருள் துறைக்கு வெளிப்படையாக அழைப்பு விடுத்தது. ஐரோப்பா இன்னும் அழுத்தமாகச் சட்டத்துக்கே போனது. அங்கே 2025 ஜூன் 20 முதல் விற்கப்படும் ஸ்மார்ட்போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட் கொடுத்தாக வேண்டும். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சைபர் ரெசிலியன்ஸ் சட்டம், மென்பொருள் உள்ள ஏறக்குறைய எல்லாப் பொருள்களும் வடிவமைப்பிலேயே பாதுகாப்பாக இருக்க வேண்டும், ஓட்டை தெரிந்தால் திருத்தம் கொடுக்க வேண்டும் என்கிறது. முழுக் கடமைகளும் 2027 டிசம்பர் முதல். மீறினால் ஒன்றரைக் கோடி யூரோ அல்லது உலகளாவிய விற்றுமுதலில் 2.5 சதவீதம், இதில் எது அதிகமோ அது வரை அபராதம். எந்த மொழியில் எழுத வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பிழையின் விலையை, அதைச் செய்த நிறுவனத்தின் கணக்கில் ஏற்றுகிறது. இதுவரை அந்த விலையை நோயாளிகளும் பயணிகளும் லாரி ஓட்டுநர்களும்தானே கொடுத்துவந்தார்கள்.

இந்தியாவிடம் இதற்கான கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. தொலைத்தொடர்புத் துறையின் கீழ் பெங்களூரில் இயங்கும் தேசியத் தகவல்தொடர்புப் பாதுகாப்பு மையம், ரௌட்டர் போன்ற கருவிகளுக்குப் பாதுகாப்பு நெறிகளை வகுக்கிறது. மத்திய, மாநில அரசுகள் கணினி, டேப்லெட், ரௌட்டர் வாங்கும் பெரிய வாடிக்கையாளர்கள். தமிழ்நாடு அரசு மட்டுமே 2011 முதல் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கியிருக்கிறது. அப்படி ஒரு மாணவர் கல்லூரி விடுதியிலும் பேருந்து நிலையத்திலும் பொது வைஃபையைத் தேடும்போது, முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் தகவலைப் பிரித்துப் பார்க்கப்போவது அந்த மடிக்கணினியின் வைஃபை டிரைவர்தான்.

ஆகவே அரசு வாங்கும் ஒவ்வொரு கருவிக்கும் விற்பவர் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். நெட்வொர்க்கிலிருந்து வரும் தகவலைப் பிரிக்கும் நிரலில் புதிதாக எழுதப்பட்டது எவ்வளவு, அது எந்த மொழியில் இருக்கிறது? பழைய சி நிரல் என்றால், தாறுமாறான தகவலை அனுப்பி அதைச் சோதித்தார்களா, அது கெர்னலுக்கு உள்ளே இயங்குகிறதா வெளியேயா? எந்தத் தேதி வரை பாதுகாப்பு அப்டேட் வரும், ஓட்டை தெரிந்தால் எத்தனை நாளில் வரும்? அரசுக்குத் தரும் பதிலைக் கடையில் வாங்கும் பொதுமக்களும் படிக்கும்படி பெட்டியின் மேலேயே அச்சிடச் செய்வது அடுத்த படி. இவற்றுக்குப் புதிய ஆய்வகமோ பெரிய நிதி ஒதுக்கீடோ வேண்டாம். ஐரோப்பாவில் விற்பதற்காக 2027-க்குள் எப்படியும் இத்தகைய பதில்களைத் தயாரிக்கப்போகும் நிறுவனங்கள்தான் இங்கேயும் விற்கின்றன. அடுத்த டெண்டர் ஆவணத்தில் இரண்டு பத்தி சேர்த்து, பதில் தராத நிறுவனத்தின் விலைப்புள்ளியை ஏற்க மறுத்தால் போதும்.